புஸ்வாணக் கை

வெம்பக்கோட்டை வட்டாரத்திலேயே சேவலை எழுப்பிவிடுகிற ஒரே மனுஷி இருளம்மாள்தான். காலை நாலு மணிக்கு அவள் பானை உருட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தெருச் சேவல்கள் பதறியடித்துக்கொண்டு கூவ ஆரம்பிக்கும். தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தூக்குச்சட்டியில் அடைத்து, ஐந்தரை மணிக்குக் கம்பெனி வேன் வரும்போது தலையை முடிந்தபடியே ஏறிவிடுவாள். பதினாறு பேருக்கான வேனில் நாற்பது பேர். அதில் ஒரு சௌகரியம், நின்றுகொண்டே தூங்கினாலும் விழுவதற்கு இடம் கிடையாது. உடம்பு இந்த வேனில் போகும், உயிர் அடுத்த வேனில் வந்து சேரும்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணம் அடைக்கிறாள். இடது கை காகிதக் கூட்டைப் பிடித்துக்கொள்ளும். வலது கை மருந்தைப் போட்டு, மரக்குச்சியால் இறுக்கி, கடைசியில் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு அடுத்த கூட்டுக்குப் போகும். முதல் நாள் வேலைக்குப் போனபோது ஃபோர்மேன் பெத்தணன் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"இறுக்கி அடைச்சாப் பூவா எந்திரிக்கும். லூசா அடைச்சா வெடிச்சுப்புடும். பத்த வைக்கது யாரோ ஒரு வீட்டுப் பச்சப்புள்ள, ஞாபகம் வச்சுக்கோ."

அந்தப் பச்சப்பிள்ளைக்காக இருளம்மாள் இதுவரை அழுத்திய அழுத்துகளை எல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் அழுத்தியிருந்தால் பூமி நாலு அடி கீழே இறங்கியிருக்கும். வலது கட்டை விரல் தட்டையாகிக் கரண்டி மாதிரி இருந்தது. ரேகை போய்விட்டது. ரேஷன் கடை எந்திரம் அந்த விரலை மனித விரல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது நாற்பத்தைந்து வயது. இடுப்பு ஒரு பக்கம் வலித்தால் மறுபக்கம் கோபித்துக்கொள்ளும். எத்தனை தடவை குளித்தாலும் வெள்ளி மருந்து காதோரத்தில் மினுங்கும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. தங்கம் வேண்டாம், மாடி வீடு வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு கண் விழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊருக்கு ஒரு நாற்றங்கால் வரப்போகிறது. ஒரு தொண்டு நிறுவனம் பன்னிரண்டு வாரம் தோட்டக்கலை வகுப்பு எடுக்கும். வகுப்பை முடித்து, அறுபது பையில் முருங்கை விதை ஊன்றி, நாற்பத்தைந்தையாவது முளைக்க வைத்துக் காட்டுகிற மூன்று பெண்களுக்கு அங்கேயே வேலை. இருளம்மாள் நோட்டீஸில் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். வேலை நேரம் காலை எட்டு மணி.

எட்டு மணி! எட்டு மணிக்குள் அவள் கம்பெனியில் ஒரு யுகம் வாழ்ந்து முடித்திருப்பாள். அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டாள்.

வகுப்பு பாதி போனில், பாதி மண்ணில். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஏழு மணிக்கு மதுரையிலிருந்து காளீஸ்வரன் சார் போன் வீடியோவில் வருவார். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுமீனா என்கிற பொண்ணு நேரில் வந்து சமுதாயக் கூடத்தில் செய்து காட்டும்.

போன் வகுப்பில் இருளம்மாளுக்குப் பிடித்தது, எல்லாருக்கும் ஒரே அளவு கட்டம். பன்னிரண்டு ஏக்கர் தங்கப்பாண்டியன் சம்சாரம் பாண்டிலட்சுமிக்கும் தீப்பெட்டி அளவு கட்டம்தான், அவர்கள் காட்டில் களையெடுத்துச் செத்துப்போனவளின் மகள் இருளம்மாளுக்கும் தீப்பெட்டி அளவு கட்டம்தான். சமுதாயக் கூடத்தில் அப்படி இல்லை. யாரும் சொல்லவில்லை, ஆனாலும் இருளம்மாளின் கால் தானாகவே கடைசி வரிசை நாற்காலிக்குப் போய்விடும்.

பிடிக்காதது, தூக்கம். காளீஸ்வரன் சாருக்குத் தாலாட்டுக்கென்றே செய்த குரல். "வணக்கம், இன்றைய வகுப்பில்..." என்று அவர் ஆரம்பித்தால் 'வணக்கம்' மட்டும்தான் இருளம்மாளுக்குக் கேட்கும். மண்புழு உரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அப்படி ஒன்று இருக்கிறது என்பதுதான். அவள் வீட்டுக்காரன் செல்லச்சாமி சிவகாசியில் காலண்டர் அச்சாபீஸ் ஒன்றில் லோடு ஏற்றுகிறவன். சாயங்காலம் வீட்டில் இருக்கும் நாட்களில் அவனே வகுப்பைக் கவனித்துக்கொண்டான்.

"இருளம்மாள் இருக்கீங்களா? கேமராவை ஆன் பண்ணுங்க" என்பார் சார்.

மீசையும் துண்டுமாக ஒரு முகம் திரை முழுக்க வந்து நிற்கும். "ஆஜர் சார்!"

"அண்ணே, நீங்களா இருளம்மாள்?"

"அவ வீட்டுக்காரன் சார். அவ பக்கத்துலதான் இருக்கா. ஒரு சொல்லு விடாமக் கேட்டுக்கிட்டு இருக்கா."

"அது என்னண்ணே, கர்ர்ர்னு ஒரு சத்தம்?"

"மிக்சி ஓடுது சார். சட்னிக்கு."

அந்த வகுப்புகள் முழுவதும் செல்லச்சாமி வீட்டில் அரைத்த சட்னி நாலு கல்யாணத்துக்குப் போதும்.

ஆனால் கைவேலை என்று வந்தபோது இருளம்மாள் யாரையும் அண்டவிடவில்லை. ஆறாவது வாரம் பையும் விதையும் கொடுத்தார்கள். கரிசல் மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து, பையை நன்றாக நிரப்பி விதை ஊன்ற வேண்டும் என்றார் சார். 'நன்றாக நிரப்பி' என்றது மட்டும் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து அறுபது பையையும் மடமடவென்று அடைத்துத் தள்ளினாள். அறுபதும் ஒரே உயரம், ஒரே பருமன், ஒரு சுருக்கம் கிடையாது. வரிசையாக வைத்தால் போலீஸ் பரேடு தோற்றது.

போட்டோ எடுத்து அனுப்பினாள். காளீஸ்வரன் சார் அசந்துபோனார். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்தப் போட்டோவைப் பெரிதாகக் காட்டினார். "பை நிரப்புவது என்றால் இப்படி நிரப்ப வேண்டும். நாலு மாவட்டத்தில் இப்படி ஒரு பையை நான் பார்த்ததில்லை." அன்றைக்கு மட்டும் இருளம்மாள் அரை மணி நேரம் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள்.

பத்து நாளில் முருங்கை முளைக்க வேண்டும். பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. பாண்டிலட்சுமி பைகளில் காடே கிளம்பிவிட்டது. இருளம்மாளின் அறுபதில் மூன்றே மூன்று எட்டிப் பார்த்தன. அவையும் தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளி மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு நின்றன.

"விதை சரியில்ல" என்றான் செல்லச்சாமி.

"எல்லாருக்கும் ஒரே விதைதான குடுத்தாக?"

"அப்ப நம்ம வீட்டு வெயிலு சரியில்ல."

சாரிடம் கேட்டாள். அவர் போட்டோவைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "பார்க்கப் பிரமாதமா இருக்கேம்மா. தண்ணியக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க" என்றார். அடுத்த வகுப்பில், தண்ணியைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள் என்றார். தண்ணீரோ பையின் மேலேயே குளம் மாதிரி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மண்ணுக்கு நல்ல சத்து, தண்ணியைக் கீழே விடமாட்டேன் என்கிறது என்று இருளம்மாள் பெருமைப்பட்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழகுமீனா நேரில் வந்தது. எல்லாரும் பைகளைக் கூடத்துக்குக் கொண்டு வந்திருந்தார்கள். அது ஒவ்வொரு பையிலும் ஆள்காட்டி விரலைச் செருகிப் பார்த்துக்கொண்டே வந்தது. கடைசி வரிசையில் இருளம்மாளின் பையில் செருகியதும் "ஆத்தீ!" என்று விரலை உதறியது. நகம் பேர்ந்துவிட்டது.

"அக்கா, இது பையா, அம்மிக்கல்லாக்கா?"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"எதுக்குக்கா இம்புட்டு இறுக்கி அடைச்சிருக்கீக? வேரு எங்கிட்டுப் போகும்? மூச்சு விட வேணாமா? சும்மா மண்ணப் போட்டு, லேசா ஒரு தட்டுத் தட்டி விட்டிருக்கணும்."

"லூசா விட்டா வெடிச்சிரும்லா" என்றாள் இருளம்மாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் கிளம்பிய சிரிப்பில் தகரக் கூரை ஒரு அடி மேலே போய்த் திரும்ப உட்கார்ந்தது. பாண்டிலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஏ இருளு, முருங்கை வெடிச்சாச் சாம்பார்தாண்டி கொட்டும்!"

பட்டாசுக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அழகுமீனாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டது. தோள்பையில் இன்னொரு பொட்டலம் வைத்திருந்தது. "இந்தாங்கக்கா, அறுபது விதை. இதுதான் கடைசி. மூணு வாரம் கழிச்சு எண்ண வருவேன். அன்னைக்கு நாப்பத்தஞ்சு நிக்கணும். இல்லைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வெளியே வந்தபோது பாண்டிலட்சுமி பக்கத்தில் வந்து குரலைத் தணித்தாள். "ஏ இருளு, நான் வெளியிலயும் வெதை வாங்கி நூத்தம்பது பை போட்டிருக்கேன். நாப்பத்தஞ்சத் தூக்கிட்டுப் போ. எவ கேக்கப் போறா? புரட்டாசியில மக்காச்சோளம் ஊண்டையில மட்டும் ஒரு நாலு நாளு வந்துட்டுப் போ."

இருளம்மாளுக்கு அந்த நாற்பத்தைந்து பையும் கண் முன்னால் வந்து நின்றது. எட்டு மணி வந்து நின்றது. அதற்குப் பின்னால், குனிந்த முதுகோடு அம்மாவும் வந்து நின்றாள்.

"வேணாம்மா. ஒங்க பையெல்லாம் கோணலும் மாணலுமா இருக்கு. இது எம் பை இல்லன்னு கண்ணில்லாதவன்கூடச் சொல்லிப்புடுவான்."

"திமிரப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் பாண்டிலட்சுமி.

வீட்டுக்கு வந்து பைகளைக் கவிழ்த்தாள். மண் அச்சு வெல்லம் மாதிரி வடிவம் குலையாமல் விழுந்தது. செல்லச்சாமி உலக்கையை எடுத்து வந்து இடிக்க வேண்டியிருந்தது.

திரும்ப நிரப்ப ஆரம்பித்தாள். அள்ளினாள், போட்டாள், லேசாகத் தட்டினாள், நகர்த்தி வைத்தாள். செல்லச்சாமி இன்ஸ்பெக்டர் தோரணையில் விரலைச் செருகினான்.

"இறங்கல."

"நான் அழுத்தவே இல்லையே!"

"நீ அழுத்தல. அது அழுத்துச்சு." கட்டை விரலைக் காட்டினான்.

அடுத்த பைக்குக் கண் கொட்டாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஒரு ஈ வந்தது, அதை ஒரு நொடி பார்த்தாள். அந்த ஒரு நொடியில் விரல் தன் வேலையை முடித்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மடங்கிக்கொண்டது. அந்த விரலுக்குத் தனி மூளை இருந்தது. ஆதார் அட்டை ஒன்றுதான் குறைச்சல்.

"தள்ளு புள்ள, நான் போடுதேன்" என்றான் செல்லச்சாமி. "எங்கை லோடு தூக்குற கை. அதுக்கு ஒண்ணுந் தெரியாது."

"நாளைக்கு நாத்தங்கால்ல வந்து நீங்களா போடுவீக?"

"இல்ல..."

"அப்பப் பேசாம இருங்க. இத எங்கை படிக்கணும்."

திங்கட்கிழமை பன்னிரண்டு பை போட்டாள், பன்னிரண்டும் கல். செவ்வாய்க்கிழமை செல்லச்சாமி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "இப்படிக் கையப் புடிச்சு இருவது வருசம் ஆச்சு புள்ள" என்றான். "பேச்சக் குறைங்க, மண்ணு சிந்துது" என்றாள் அவள். அன்றைக்குப் போட்ட பத்தும் கல்தான். புதன்கிழமை போட்டதையெல்லாம் கவிழ்த்துவிட்டு, மண்ணுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

தீபாவளி சீசன் தலைக்கு மேல் ஏறியிருந்த நேரம். வியாழக்கிழமை வடக்கே போகிற ஆர்டர் ஒன்று அவசரம் என்று கம்பெனியில் எல்லாரையும் விரட்டினார்கள். பக்கத்தில் உட்காருகிற பேச்சியம்மாள் காய்ச்சல் என்று வரவில்லை. அவள் கூடுகளையும் இருளம்மாள் பக்கம் தள்ளினார்கள். வெயில் சும்மா அடிக்கவில்லை, அறைக்குள் வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு ஆள் வேலையைப் பார்த்துவிட்டு அவள் வேனில் ஏறியபோது தூக்குச்சட்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பக்கத்தில் நின்றவள் வாங்கிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். சட்டி மணி மாதிரி ஆட, வீடு வந்து சேர்ந்தாள்.

ஏழு மணி. செல்லச்சாமி இன்னும் அச்சாபீஸிலிருந்து வரவில்லை. ஆஜர் சொல்ல ஆள் இல்லை. போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, கேமராவைப் போட்டுவிட்டு, மண் குவியலுக்கு முன்னால் சரிந்து உட்கார்ந்தாள். இன்னும் தள்ளிப்போட்டால் எண்ண வரும் நாளுக்குள் முளைத்து நிற்காது. ஒரு பையை எடுத்தாள். மண்ணை அள்ளினாள்.

"வணக்கம், இன்றைய வகுப்பில்..." என்றார் சார்.

அதற்கப்புறம் அவளுக்குத் தெரிந்தது "நன்றி, வணக்கம்" மட்டும்தான். திடுக்கிட்டு விழித்தாள். முன்னால் அறுபது பை நிரம்பி நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது. கள்ளுக்கடை மூடுகிற நேரத்துக் கும்பல் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தது. ஒன்று முக்கால் நிரம்பியிருந்தது, ஒன்று வழிந்துகொண்டிருந்தது. அவள் மடி முழுக்க மண்.

போனிலிருந்து சார் பேசினார். "இன்னைக்கு எல்லாரையும்விட இருளம்மாள்தான் கவனமா இருந்தாங்க. ஒரு மணி நேரமும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டே வேலையும் பார்த்தாங்க. எல்லாரும் அவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்."

வேனிலேயே நின்று தூங்குகிறவளுக்கு உட்கார்ந்து அடைப்பதா கஷ்டம்?

செல்லச்சாமி வந்து சேர்ந்தான். "எவன் போட்டான் இத?"

"நாந்தான் போல."

விரலைச் செருகினான். கணு வரைக்கும் இறங்கியது. இன்னொன்றில் செருகினான், இறங்கியது. பைக்குப் பை பாய்ந்து பாய்ந்து செருகினான். "ஏ புள்ள, வெண்ணெய்டி!"

"பாக்கவே சகிக்கல" என்றாள் இருளம்மாள். இவ்வளவு கோணலான வேலையை அவள் கை இருபத்திரண்டு வருஷத்தில் செய்ததில்லை. அவமானமாக இருந்தது. ஓரத்துப் பையைச் சரிசெய்ய நீட்டிய கையை அவன் தட்டிவிட்டான்.

"தொட்டீன்னா வெட்டிப்புடுவேன். வெதைய ஊண்டு, போய்ப் படு."

விதைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். அழுத்த நினைத்தாலும் விரலில் சக்தி இல்லை. கிடைத்த ஓய்வு போதும் என்று அதுவும் செத்த பாம்பாகக் கிடந்தது.

மூன்றாவது ஞாயிறு அழகுமீனா வந்து எண்ணியது. முப்பது வரைக்கும் வேகமாக எண்ணியது. நாற்பதுக்கு மேல் இருளம்மாள் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்து நாலுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் அழகுமீனாவுக்கு ஒரு தும்மல் வந்தது. அந்தத் தும்மல் முடிவதற்குள் இருளம்மாளுக்கு ஐந்து வயது கூடிவிட்டது. கடைசியில் ஐம்பத்தொன்று.

"எப்படிக்கா?" என்றது அழகுமீனா. போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தது. "சார் லைன்ல இருக்காரு. எல்லா ஊரும் பாக்குது. பை எப்படி நிரப்பணும்னு நீங்களே சொல்லுங்க."

இருளம்மாள் போனைப் பார்த்தாள். கட்டம் கட்டமாக நாலு மாவட்டத்து முகங்கள்.

"மொதல்ல கம்பெனிக்குப் போயி ரெண்டு ஆளு வேலையப் பாக்கணும்" என்றாள். "வந்து, ஒக்காரக்கூடத் தெம்பில்லாம ஒக்காரணும். அப்புறம் மண்ண அள்ளிப் போடணும். அம்புட்டுத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை பட்டாசுக்காரிகளும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று அவர்களுக்கு மட்டும் தெரியும்.

வேலை கிடைத்தது. கம்பெனிக்குப் போய் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த திங்கட்கிழமை நாற்றங்காலில் முதல் நாள். அவள் படுத்த படுக்கையில் அப்படியே கிடந்தாள். செல்லச்சாமி இரண்டு தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். வெயில் வந்து முகத்தில் விழுந்த பிறகுதான் எழுந்தாள். எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் குளித்து, மெதுவாகச் சாப்பிட்டு, எட்டு மணிக்கு நாற்றங்காலில் போய் நின்றாள். உடம்பும் உயிரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன.

பச்சைவலைப் பந்தலுக்குக் கீழே மண் குவிந்து கிடந்தது. ஐந்நூறு பை. உட்கார்ந்து முதல் பையை எடுத்தாள், அள்ளினாள், போட்டாள், நகர்த்தி வைத்தாள். அழகுமீனா வந்து பக்கத்தில் குந்தி விரலைச் செருகியது. விரல் மேலேயே நின்றது.

இரண்டு பேரும் பையைப் பார்த்தார்கள்.

"என்னக்கா இது?"

"நேத்து நல்லாத் தூங்கிப்புட்டேன் தாயி" என்றாள் இருளம்மாள். "அதான்."

அழகுமீனா அவள் கையைப் பார்த்தது. "இன்னைக்குள்ள ஐநூறும் முடிக்கணும்னு யாரும் சொல்லலக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த பந்தலுக்கு எழுந்து போனது.

இருளம்மாள் பையைக் கவிழ்த்தாள். அச்சாக விழுந்த மண்ணை விரலால் பொடித்து உதிர்த்தாள். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, மீதி நாலு விரலால் மண்ணை அள்ளினாள். ஒவ்வொரு தடவை அள்ளும்போதும் அது வெளியே வரப் பார்த்தது. அவள் மடக்கிக்கொண்டே இருந்தாள்.